எதிர்பார்க்கும் மொத்தத்தைக் கணக்கிட லிப்ரே ஆபீஸ் கால்க்: நெடுநாள் பயனர் ஒருவரின் மதிப்புரை

பழைய நூல்களை மின்னாக்கம் செய்து மெய்ப்புப் பார்க்கும் சிறு குழு ஒன்றில் பணியாற்றுகிறேன். புதிய நூல் ஒன்று கைக்கு வந்தவுடன் எல்லோரும் கேட்பது, அது முடிய மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைத்தான். விடை சொல்லும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு இவ்வளவு நிமிடம் என்றால் 400 பக்கத்துக்கு எவ்வளவு என்று நேர் விகிதத்தில் பெருக்கிச் சொல்லிவிடலாம் என்றுதான் தொடக்கத்தில் நானும் எண்ணினேன். அந்தப் பெருக்கலுக்குள் எத்தனை முடிவுகள் மறைந்திருக்கின்றன என்பதை, கணக்கு தவறிப்போன நூல்களே எனக்குக் கற்றுத் தந்தன. இந்த வேலைக்கு நான் பயன்படுத்திவரும் கருவி லிப்ரே ஆபீஸ் கால்க் என்னும் விரிதாள் செயலி. சராசரியையும் வீதத்தையும் கொண்டு வரப்போகும் மொத்தத்தை மதிப்பிடும் ஒரே பணிக்கு இந்தச் செயலி எவ்வளவு பொருத்தமானது என்பதை மட்டுமே இங்கு ஆராய்கிறேன். வரைபடங்கள், அச்சிடும் வசதி போன்றவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் தனியாக ஒன்றும் இல்லை.

லிப்ரே ஆபீஸ் 2010-ஆம் ஆண்டு ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து தொடங்கிய கட்டற்ற மென்பொருள். விலை கிடையாது, தமிழ் இடைமுகமும் உண்டு. ஒரு தாளில் 10,48,576 வரிசைகள் வரை இடம் இருப்பதால், பக்கத்துக்கு ஒரு வரிசை என்று எழுதி வைப்பவருக்கு இடம் போதாமல் போவதில்லை. அந்த அளவு எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் இருக்கிறது. சராசரியை மட்டும் குறித்து வைத்துவிட்டு மூலக் குறிப்புகளைத் தூக்கி எறிவதுதான் இந்தத் துறையில் நடக்கும் பெரிய பிழை என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு பக்கமும் எடுத்துக்கொண்ட நேரத்தை அப்படியே வைத்திருந்தால் பின்னர் எந்தக் கேள்வியையும் அதனிடம் கேட்கலாம். சராசரி ஒன்றே எஞ்சியிருந்தால், அது எத்தனை பக்கத்திலிருந்து வந்தது, எந்த வகைப் பக்கத்திலிருந்து வந்தது என்ற விவரங்களை மீட்கவே முடியாது.

அடிப்படைக் கணக்கில் தொடங்குகிறேன். கட்டங்களைத் தேர்ந்தெடுத்த அளவிலேயே அவற்றின் சராசரியும் கூட்டுத்தொகையும் கீழே உள்ள நிலைப்பட்டையில் தெரிந்துவிடுகின்றன. வாய்பாடு எழுதாமலேயே ஒரு மதிப்பீட்டைச் சரிபார்க்க இது மிகவும் உதவும். ஆயினும் இங்கேயே முதல் கவனம் தேவைப்படுகிறது. ஆவரேஜ் என்னும் சார்பு காலிக் கட்டங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் சுழியம் எழுதிய கட்டங்களைச் சேர்த்துக்கொள்கிறது. ஒரு வாரத்தில் 5 நாள்கள் மட்டும் நாளுக்கு 42 பக்கம் பார்த்த ஒருவர், ஓய்வு நாள்கள் இரண்டையும் காலியாக விட்டால் சராசரி 42 என்று வரும்; அவற்றில் சுழியம் இட்டால் 30 என்று வரும். இவற்றில் எதையும் தவறு என்று சொல்ல முடியாது. முதலாவது வேலை நாளுக்கான வீதம், இரண்டாவது நாட்காட்டி நாளுக்கான வீதம். முதலாவதை எடுத்து 30 நாட்காட்டி நாள்களால் பெருக்கினால் 1,260 பக்கம் என்று வரும், உண்மையில் எதிர்பார்க்க வேண்டியதோ 900 பக்கம். எந்த அலகுக்கு வீதம் கண்டோமோ அதே அலகால்தான் பெருக்க வேண்டும் என்பதைச் செயலி நமக்கு நினைவூட்டாது. ஆகவே எங்கள் தாளில் வீதம் எழுதிய ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் ‘வேலை நாளுக்கு’, ‘நாட்காட்டி நாளுக்கு’ என்று சொல்லால் எழுதி வைக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம்.

எண்போலத் தோன்றும் எழுத்துகளையும் ஆவரேஜ் சத்தமின்றி விட்டுவிடுகிறது. மின்னஞ்சலிலிருந்து ஒட்டிய எண்கள் சில சமயம் உரையாகவே பதிவாகிவிடும். அவற்றுக்குப் பிழைச் செய்தி எதுவும் வராது, சராசரி மட்டும் மாறியிருக்கும். இதற்குக் கால்க் வைத்திருக்கும் மருந்து எனக்கு மிகவும் பிடித்தது. கன்ட்ரோல் விசையுடன் எஃப்8 விசையை அழுத்தினால் எண்கள் நீலத்திலும், வாய்பாடுகள் பச்சையிலும், உரை கறுப்பிலும் தெரியும். நூறு வரிசைகளுக்கு நடுவே கறுப்பாக நிற்கும் ஒரு ‘எண்ணை’ ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடலாம். மொத்தத்தைப் பிறருக்குச் சொல்வதற்கு முன் இந்த ஒரு சோதனையை நான் தவறவிடுவதே இல்லை.

நேரத்தைக் கொண்டு பெருக்கும்போது வரும் சிக்கல் இதைவிடப் பெரியது. கால்க் நேரத்தை ஒரு நாளின் பின்னமாகச் சேமிக்கிறது. 7:30 என்று திரையில் தெரிவது உள்ளே 0.3125 என்ற எண்தான். மணிக்கு 12 பக்கம் என்ற வீதத்தை அந்தக் கட்டத்தோடு நேரடியாகப் பெருக்கினால் 90 பக்கம் வராது, 3.75 வரும். நேரக் கட்டத்தை 24-ஆல் பெருக்கி மணியாக மாற்றிய பிறகே வீதத்தோடு சேர்க்க வேண்டும். இவ்வளவு பெரிய பிழை கண்ணில் படாமல் போகாது என்று தோன்றலாம். ஆனால் அது பல கூட்டல்களுக்கு நடுவே ஒரு உறுப்பாக ஒளிந்திருக்கும்போது மொத்தம் கொஞ்சம் குறைவாகத் தெரியுமே தவிர, அபத்தமாகத் தெரியாது. நேரங்களின் கூட்டுத்தொகை 24 மணியைத் தாண்டும்போதும் கவனம் வேண்டும். மணிக்கான வடிவக் குறியைச் சதுர அடைப்புக்குள் இடாவிட்டால், 38 மணி 40 நிமிடம் என்பது 14 மணி 40 நிமிடமாகத் திரையில் தெரியும். இவை விரிதாள்களின் பொது இயல்புகள், இந்தச் செயலிக்கு மட்டும் உரியவை அல்ல.

இப்போது என்னை நெடுநாள் ஏமாற்றிவந்த கணக்குக்கு வருகிறேன். ஒருவர் மணிக்கு 8 பக்கமும் மற்றொருவர் மணிக்கு 12 பக்கமும் பார்க்கிறார்கள், 240 பக்க நூலை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இருவரின் சராசரி வேகம் 10 என்று கண்டு, மொத்த உழைப்பு 24 மணி என்று சொல்லத்தான் கை போகும். முதலாமவர் 120 பக்கத்துக்கு 15 மணியும் இரண்டாமவர் 10 மணியும் எடுப்பதால் உண்மையான மொத்தம் 25 மணி. பக்கங்கள் சமமாக இருந்து நேரங்கள் வேறுபடும்போது வேகங்களின் கூட்டுச் சராசரி பொருந்தாது, இசைச் சராசரியே (வேகங்களின் தலைகீழிகளுக்குச் சராசரி கண்டு, அதன் தலைகீழியை எடுப்பது) பொருந்தும். கால்க்கில் ஹார்மீன் என்ற சார்பு அதை 9.6 என்று உடனே தருகிறது, 240-ஐ 9.6-ஆல் வகுத்தால் சரியாக 25 வருகிறது. இருவரும் சமமான பக்கங்களுக்குப் பதிலாகச் சமமான நேரம் உழைப்பதாக ஏற்பாடு என்றால் 10 என்ற கூட்டுச் சராசரியே சரி. எந்தச் சார்பைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு விடை எண்களில் இல்லை, வேலையைப் பிரித்த முறையில் இருக்கிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வைப்பது கடினம் என்று கருதுவோர், வேகத்தை விட்டுவிட்டு, ஒரு பக்கத்துக்கு ஆகும் நிமிடத்தைப் பதிவு செய்வது நல்லது. நிமிடங்களைக் கூட்டலாம், பக்கங்களைக் கூட்டலாம், கடைசியில் ஒருமுறை மட்டும் வகுத்தால் போதும். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

இந்தப் பணிக்கு நான் கால்க்கை விடாமல் பயன்படுத்துவதற்கு ஒரே ஒரு காரணம் சொல்ல வேண்டும் என்றால் சம்புராடக்ட் என்ற சார்பைத்தான் சொல்வேன். இரண்டு நெடுவரிசைகளை வரிசைக்கு வரிசை பெருக்கி, பெருக்கல்களைக் கூட்டித் தருவதே அதன் வேலை. எங்கள் மாதிரியில் 40 பக்கங்கள் இருந்தன. அவற்றில் 20 பக்கம் சாதாரண உரைநடை, பக்கத்துக்கு 5 நிமிடம்; 10 பக்கம் அட்டவணை, பக்கத்துக்கு 14 நிமிடம்; 10 பக்கம் அடிக்குறிப்பு மிகுந்தவை, பக்கத்துக்கு 9 நிமிடம். மொத்தம் 330 நிமிடம், ஆகவே சராசரி 8.25 நிமிடம். அடுத்து வந்த 380 பக்க நூலுக்கு அந்த 8.25-ஐப் பெருக்கினால் 3,135 நிமிடம், அதாவது 52 மணி 15 நிமிடம் என்று வந்தது. ஆனால் அந்த நூலில் உரைநடை 300 பக்கம், அட்டவணை 20 பக்கம், அடிக்குறிப்புப் பக்கம் 60. வகைவாரியான வீதங்களை நூலின் உண்மையான பக்க எண்ணிக்கைகளோடு சம்புராடக்ட் மூலம் இணைத்தபோது 2,320 நிமிடம், அதாவது 38 மணி 40 நிமிடம் என்று வந்தது. வித்தியாசம் 13 மணிக்கு மேல். மாதிரியில் அட்டவணைகள் நான்கில் ஒரு பங்கு, நூலிலோ பத்தொன்பதில் ஒரு பங்குதான். ஒட்டுமொத்தச் சராசரி மாதிரியின் கலவையைத் தன்னோடு சுமந்துகொண்டு வந்து புதிய நூலின் மீது ஏற்றிவிடுகிறது. வகைகளைப் பிரித்து எழுதிய தாளில் அந்தத் தவறு நேர இடமே இல்லை.

இதற்கு நெருங்கிய உறவுள்ள மற்றொரு தவறு, இரண்டு சராசரிகளைப் பெருக்குவது. ஒரு நாள் 10 பக்கம், பக்கத்துக்கு 6 நிமிடம். மறுநாள் 30 பக்கம், பக்கத்துக்கு 4 நிமிடம். உழைத்த நேரம் 60-உம் 120-உம் சேர்ந்து 180 நிமிடம். நாளுக்குச் சராசரி 20 பக்கம், நாள்வாரி நிமிடங்களின் சராசரி 5 என்று எடுத்து இரண்டு நாளுக்குப் பெருக்கினால் 200 நிமிடம் வருகிறது. எளிய பக்கங்கள் வந்த நாளில்தான் அதிகப் பக்கம் முடிந்தது, ஆகவே எண்ணிக்கையும் நேரமும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை அல்ல. எண்ணிக்கையே நிலையற்றதாக இருக்கும்போதும் சராசரி எண்ணிக்கையைச் சராசரி மதிப்பால் பெருக்கலாம் என்ற விதிக்கு கணிதவியலாளர் ஆபிரகாம் வால்டின் பெயரால் அமைந்த சமன்பாடு அடிப்படையாக உள்ளது; எண்ணிக்கையும் மதிப்பும் ஒன்றையொன்று சாராதிருப்பது அதன் எளிய வடிவத்துக்கு நிபந்தனை. அந்த நிபந்தனை இல்லாத இடத்தில் மொத்த நிமிடத்தை மொத்தப் பக்கத்தால் வகுத்த 4.5 என்ற எடையிட்ட சராசரிதான் 180-ஐத் திரும்பத் தருகிறது. வரிசைகளை வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் கால்க்கின் சுழல் அட்டவணை இந்த இடத்தில் நன்றாக நடந்துகொள்கிறது. பக்கத்துக்கு ஒரு வரிசை இருக்கும் தாளில் நாள்வாரியாகச் சராசரி கேட்டால், அடியில் வரும் மொத்தச் சராசரியை அது நாள்களின் சராசரிகளிலிருந்து எடுப்பதில்லை, மூல வரிசைகள் எல்லாவற்றிலிருந்தும் கணக்கிடுகிறது.

இடைநிலை அளவு (வரிசைப்படுத்திய மதிப்புகளின் நடுவில் நிற்பது), ஓரங்களை வெட்டிய சராசரி (மிகப் பெரிய, மிகச் சிறிய மதிப்புகளை நீக்கிவிட்டுக் காண்பது) ஆகியவற்றுக்கும் தனித்தனிச் சார்புகள் உண்டு. அதீத மதிப்புகளால் பாதிக்கப்படாதவை என்ற நற்பெயரால் அவற்றை மொத்தம் காணப் பயன்படுத்துவோரைப் பார்த்திருக்கிறேன். 10 பக்கங்களில் 9 பக்கம் ஐந்தைந்து நிமிடமும் சிதைந்த ஒரு பக்கம் 55 நிமிடமும் எடுத்தால் மொத்தம் 100 நிமிடம், சராசரி 10, இடைநிலை அளவு 5. இடைநிலை அளவைப் பெருக்கினால் பாதி நேரம் காணாமல் போய்விடும். வழக்கமான ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டால் 5 என்பது நேர்மையான விடை. மொத்தம் என்ன ஆகும் என்று கேட்டால் சிதைந்த பக்கத்தின் சுமையையும் யாரோ ஒருவர் சுமந்தே ஆக வேண்டும்.

எண்ணிக்கைகளின் வீதத்துக்குப் பாய்சான் பரவல் (சராசரி வீதம் தெரிந்தால், ஒரு நிகழ்வு எத்தனை முறை நேரும் என்பதற்கான நிகழ்தகவுகளைத் தருவது) கைகொடுக்கிறது, கால்க்கில் அதற்கான சார்பும் இருக்கிறது. அந்தச் சார்பை நம்பத் தொடங்குவதற்கு முன் புகழ்பெற்ற பழைய தரவு ஒன்றைக் கொண்டு சோதித்துப் பார்த்தேன். 1898-இல் புள்ளியியலாளர் போர்ட்கேவிச் வெளியிட்ட நூலில், பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்தவர்களின் கணக்கு வருகிறது. 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள், ஆக 200 பதிவுகள், மொத்தம் 122 இறப்புகள், பதிவுக்கு 0.61 என்ற வீதம். ஒருவரும் இறக்காத பதிவுகள் 109, ஒருவர் இறந்தவை 65, இருவர் 22, மூவர் 3, நால்வர் 1. அந்த 0.61-ஐ மட்டும் கொடுத்து 200-ஆல் பெருக்கியபோது சார்பு முறையே 108.7, 66.3, 20.2, 4.1, 0.6 என்று தந்தது. ஒரே ஒரு வீதத்திலிருந்து இவ்வளவு நெருக்கமான எதிர்பார்ப்புகள் வரிசையாக இறங்கியதைப் பார்த்த மாலையில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. எங்கள் வேலையில் பக்கத்துக்கு 0.3 பிழை என்ற வீதம் இருந்தால், 400 பக்கத்தில் 120 பிழைகளை எதிர்பார்க்கலாம். பிழையே இல்லாத பக்கங்கள் ஏறக்குறைய 296 இருக்கும். பாய்சான் பரவலில் பரவற்படியும் (ஏற்ற இறக்கத்தின் ஓர் அளவு; அதன் வர்க்கமூலமே திட்ட விலக்கம்) சராசரியும் சமம் என்பதால் 120-இன் வர்க்கமூலமாகிய சுமார் 11-ஐ அந்த மொத்தத்தின் திட்ட விலக்கமாகக் கொள்ளலாம். 125 பிழைகள் அகப்பட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை, 170 அகப்பட்டால் வீதமே மாறிவிட்டது என்று பொருள்.

செயலியின் உண்மையான குறை இந்த இடத்தில்தான் தெரிகிறது. நாமே கேட்டாலொழிய எந்த மொத்தத்தோடும் அதன் ஏற்ற இறக்க எல்லையை அது காட்டுவதில்லை. காலத் தொடர் முன்கணிப்புக்கான ஈடிஎஸ் வகைச் சார்புகளில் மட்டும் எதிர்பார்ப்பு இடைவெளியைத் தரும் துணைச் சார்புகள் உள்ளன. சாதாரணச் சராசரியைப் பெருக்குவோருக்கு அப்படி எதுவும் ஆயத்தமாக இல்லை. எனவே நாங்களே ஒரு வாய்பாட்டை எழுதிக்கொண்டோம், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். 25 பக்க மாதிரியில் சராசரி 12 நிமிடம், திட்ட விலக்கம் 5 நிமிடம், நூல் 400 பக்கம் என்றால் எதிர்பார்க்கும் மொத்தம் 4,800 நிமிடம், அதாவது 80 மணி. பக்கத்துக்குப் பக்கம் உள்ள ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். 400-இன் வர்க்கமூலமாகிய 20-ஐ 5-ஆல் பெருக்கினால் 100 நிமிடம் மட்டுமே. ஆனால் 12 என்ற சராசரியே 25 பக்கத்திலிருந்து வந்தது, அதன் திட்டப் பிழை (திட்ட விலக்கம் 5-ஐ 25-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது) 1 நிமிடம். அந்த ஒரு நிமிடம் 400 பக்கத்துக்கும் ஒரே திசையில் பெருகி 400 நிமிடம் ஆகிறது. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 412 நிமிடம், கிட்டத்தட்ட 7 மணி. மாதிரியை 100 பக்கமாக உயர்த்தினால் அது சுமார் 224 நிமிடமாகக் குறைகிறது. நூல் பெரிதாகப் பெரிதாகக் கணக்கு தானாகவே துல்லியமாகிவிடும் என்று நான் நம்பியிருந்த நாள்களில் இந்த இரண்டாவது உறுப்பை அறியவே இல்லை. அச்சகம் ஒன்று சில பக்கங்களை மட்டும் புரட்டிப் பார்த்து எங்களுக்குச் சொன்ன நாள் கணக்கு பாதிக்குப் பாதி தவறிப்போனதற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கும் என்று இப்போது கருதுகிறேன்.

வாய்பாட்டில் மனம் செல்லாதவர்கள், ஒவ்வொரு பக்கத்துக்கும் தற்செயல் எண் ஒன்றை உருவாக்கி, எஃப்9 விசையை அழுத்தி அழுத்தி மொத்தம் எப்படி ஆடுகிறது என்று பார்க்கலாம். கற்றுக்கொள்பவருக்கு அது நல்ல பயிற்சி. ஆயிரக்கணக்கான முறை அப்படிச் செய்து தொகுப்பதற்குக் கால்க் வசதியான இடம் அல்ல, ஆர் அல்லது பைத்தான் மொழியே ஏற்றது.

அமைப்புகளில் ‘காட்டியபடி துல்லியம்’ என்ற பொருளுடைய தெரிவு ஒன்று உள்ளது. அதை இயக்கினால் 8.25 என்பது ஒரு தசம இடத்துக்குச் சுருக்கிக் காட்டப்படும்போது 8.3 ஆகவே கணக்கில் நுழையும், 380 பக்கத்தில் 19 நிமிடம் கூடிவிடும். அதை அணைத்தே வைத்திருக்கப் பரிந்துரைக்கிறேன்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போது மதிப்பீட்டைத் திருத்துவதில்தான் விரிதாளின் அருமை முழுவதும் தெரிகிறது. மேலே சொன்ன 400 பக்க நூலில் முதல் 100 பக்கம் முடிந்தபோது, பக்கத்துக்கு 13.5 நிமிடம் வீதம் 1,350 நிமிடம் செலவாகியிருந்தது என்று கொள்வோம். தொடக்கத்தில் சொன்ன 80 மணியைக் காப்பாற்ற மீதிப் பக்கங்களை 11.5 நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று பேசுவதற்கு அந்த எண்களில் எந்த ஆதாரமும் இல்லை. செலவான 1,350 நிமிடத்தோடு, மீதமுள்ள 300 பக்கத்தைப் புதிய வீதத்தால் பெருக்கிய 4,050-ஐக் கூட்ட வேண்டும். மொத்தம் 5,400 நிமிடம், அதாவது 90 மணி. முடிந்த பக்கத்தின் நேரத்தை ஒரு வரிசையில் எழுதி என்டர் விசையை அழுத்தியவுடன் இந்த எண் தானாகவே மாறிக்கொள்ளும்படி எங்கள் தாளை அமைத்திருக்கிறோம். நாளின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து முடிப்பவரே மறுநாளுக்கான மொத்தத்தையும் முதலில் பார்க்கிறார்.